திருடன் தொடாத கம்பி

பழைய மின்கம்பத்தை இறக்குவது மரம் வெட்டுவது மாதிரி இல்லை. மரத்துக்கு வேர் இருக்கிறது. எது அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். கம்பத்தைப் பார்த்தவுடன் அதைச் சொல்ல முடியாது. அடி முழுக்க மக்கிப்போயிருக்கும், மேலே ஓடும் கம்பிகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் நேராக நிற்கும். தெரியாதவன் ஒரு பக்கத்துக் கம்பியை அறுப்பான். கம்பம் மறுபக்கம் இருப்பவன் தலையில் வந்து விழும்.

இதை எனக்குச் சொன்னவன் ஃபெர்ஜானி. கோர்பாவிலிருந்து மலைப்பக்கம் ஏறும் ஊர்களில் அவனைக் கம்பத்து ஃபெர்ஜானி என்றால்தான் தெரியும். யாருடைய தோட்டத்திலாவது பழைய மரக்கம்பம் சாய்ந்து நின்றால் அவனுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். அவனும் நானும் ஒரே ஊர், சின்ன வயசில் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள். அவன் அப்பா ஆட்டை விற்றபோது அவன் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு, லைன் இழுக்கும் கான்டிராக்டரிடம் குழி தோண்டப் போனான். கம்பம் நடக் கற்றுக்கொண்டான். நட்டதைப் பிடுங்கும் வேலை பிற்பாடு தானாக வந்தது.

குழி தோண்டிய காலத்தில் ஸாஸி என்று ஒரு மூத்த லைன்மேன் அவன் கண் முன்னால் செத்தார். காலையில் பார்த்தபோது கம்பியில் கரண்ட் இல்லை. மத்தியானம் எவனோ எங்கேயோ ஒரு சுவிட்சைப் போட்டான். அவ்வளவுதான் விஷயம். அதிலிருந்து ஃபெர்ஜானிக்கு ஒரு சங்கிலி.

கிணற்றுச் சங்கிலி மாதிரி கனமானது, கூடவே செம்புக் கம்பி முறுக்கியிருக்கும். அதன் ஒரு நுனியை நீளக் கழியால் தூக்கி மேலே கம்பியில் மாட்ட வேண்டும். மறு நுனியைத் தரையில் அடித்த இரும்பு முளையில் கிளாம்ப் வைத்து இறுக்க வேண்டும். முளையைச் சுற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும். யாராவது தெரியாமல் கரண்டை விட்டாலும் அது சங்கிலி வழியாக மண்ணுக்குள் போய்விடும், டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போகும், மேலே இருப்பவன் பிழைப்பான். கடைசித் துண்டு கம்பி அறுபடும் வரை சங்கிலி அங்கேயே தொங்க வேண்டும்.

"காலையில செத்தது மத்தியானமும் செத்தே கிடக்கும்னு யாருடா சொன்னது?" என்பான், யாராவது அவசரப்படுத்தினால்.

வேலைக்கு நாங்கள் மூன்று பேர். ஃபெர்ஜானி மேலே, நான் டிராக்டரில். சங்கிலியும் கயிறும் லஸ்ஸாத். லஸ்ஸாத் ஃபெர்ஜானியின் தங்கை தலீலாவைக் கட்டியவன். வேலை இல்லாமல் காபிக்கடையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவனை ஃபெர்ஜானிதான் கூட்டி வந்து தொழில் பழக்கினான். நன்றாகவே கற்றுக்கொண்டான், அதைச் சொல்லத்தான் வேண்டும். நல்ல பலசாலி, வாய் ஓயாது, சிரிக்க வைப்பான். சங்கிலியை மாட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்:

"ஏறு மச்சான். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் தங்கச்சி என்னைக் கொன்னு அடுப்புல வச்சிடுவா. அந்தப் பயத்துக்காவது ஒழுங்காத்தான் கட்டியிருக்கேன்."

ஃபெர்ஜானி குனிந்து பார்த்ததே இல்லை. நேராக ஏறிவிடுவான்.

செப்டம்பரில், மிளகாய் சிவக்கிற நேரம், பீர் துவீல் என்ற ஊரிலிருந்து மன்னூபியா ஆள் அனுப்பினாள். புருஷன் இல்லாதவள், ஆலிவ் தோட்டம் வைத்திருக்கிறாள், வாயில் உப்பும் மிளகும் கலந்தே வரும். அவள் தோட்டத்தில் ஒரு பழைய கம்பம் ஆட்டுக்கொட்டகைப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. கரண்ட் ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறாள். "அந்த லைனை எப்பவோ விட்டுட்டோம். கம்பம் நிக்கிறது உங்க இடம். நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். ஊருக்கு இப்போது ரோட்டோரமாக சிமெண்ட் கம்பத்தில் புது லைன் ஓடுகிறது. பழைய மரக்கம்பங்கள் மட்டும் ரோட்டிலிருந்து பிரிந்து, அவள் தோட்டத்தைக் கடந்து, கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹம்மாதியின் மிளகாய் வயல் வரை வரிசையாக நின்றன. ஹம்மாதி அவளுடைய அண்ணன் மகன்.

வேலைக்கு முந்தின வாரம் பார்த்து வரப் போனோம். ஃபெர்ஜானி கம்பத்தடியில் உட்கார்ந்து ஒரு சாண் மண்ணைத் தோண்டி, கூர்க்கம்பியால் குத்தினான். சீஸில் குத்துகிற மாதிரி உள்ளே போனது. சுத்தியலால் மேலே தட்டினான். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். இது இருமியது.

"இது மேல ஏணி சாத்துறவன் உயில் எழுதி வச்சிட்டு வரணும்" என்றான்.

"நீ எழுதிட்டியா?" என்றாள் மன்னூபியா.

"எழுத என்ன இருக்கு அக்கா, ஒரு கழுதை இருக்கு. அதுவும் நூரிக்குப் போகும்."

"கழுதை எனக்கு எதுக்கு, நீயே போதும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, கம்பத்தை வெட்டினதும் கட்டையைத் தனக்கே கொடுத்துவிடச் சொன்னாள். ரொட்டி சுடும் மண் அடுப்புக்கு ஆகுமாம். ஃபெர்ஜானி தலையை ஆட்டினான்.

"வேண்டாம். இதுல தார் எண்ணெய் ஏத்தியிருக்கான், அடியிலேர்ந்து நுனி வரைக்கும். அந்தப் புகைல சுட்ட ரொட்டிய நாய்கூடத் திங்கக் கூடாது. வேலிக்குக் காலா நட்டுக்கங்க. அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க."

பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தான். கம்பத்தின் தலையில் இரும்புக் கை, அதில் நாலு பீங்கான். மூன்று பீங்கான்கள் வெறுமையாக இருந்தன. நாலாவதில் மட்டும் ஒற்றைக் கம்பி ஓடியது. ஒரு குளிர்காலத்தில் செம்புத் திருடர்கள் வந்து அந்தப் பக்கத்துப் பழைய லைன்களை எல்லாம் அறுத்துப் போனது எல்லாருக்கும் தெரியும்.

"மூணைக் கொண்டு போனவன் நாலாவதை ஏன் விட்டான்?" என்றான் ஃபெர்ஜானி.

மன்னூபியா தலைத்துணியைச் சரி செய்துகொண்டாள். ஹம்மாதியும் அங்கேதான் நின்றான். அவன் செருப்பைப் பார்த்தான். லஸ்ஸாத்தான் பதில் சொன்னான், கொஞ்சமும் தயங்காமல்.

"விடிஞ்சிருக்கும் மச்சான். திருடனுக்கும் தூக்கம் வருமில்ல."

"நாய் குரைச்சிருக்கும்" என்றான் ஹம்மாதி.

"இல்ல, கை வலிச்சிருக்கும். பாவம், அவனும் கூலிக்காரன்தானே" என்றான் லஸ்ஸாத்.

எல்லோரும் சிரித்தோம். ஃபெர்ஜானியும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

வேலை நாளன்று வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தோம். ஃபெர்ஜானி முதல் காரியமாக நீளக் கழியில் டெஸ்டரைக் கட்டிக் கம்பியில் வைத்துப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. கம்பி செத்துக் கிடந்தது. மூன்று பக்கமும் மூன்று ஆலிவ் மரங்களில் சாக்கு சுற்றி, கம்பத்துக்குக் கயிறு போட்டோம். இனி அது நினைத்த பக்கம் விழ முடியாது. ஆலிவ் பறிக்கும் இரட்டை ஏணியைக் கம்பத்தைத் தொடாமல் தனியாக நிறுத்தினோம். மக்கின கம்பத்தில் ஏறுவதும் கிடையாது, சாய்வதும் கிடையாது.

அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிணறு தோண்டுகிறவன், கம்பம் இறக்குகிறவன் மாதிரி உயிரைக் கையில் பிடித்துச் செய்யும் வேலைக்கு வந்தவன், முதலில் அந்த வீட்டில் சாப்பிட்டாக வேண்டும். அந்த வீட்டுத் தண்ணீரும் உப்பும் உள்ளே போய்விட்டால் பிறகு அந்த வீட்டார் அவனுக்குக் கெடுதல் நினைக்க மாட்டார்கள், அவனும் அவர்களுக்கு நினைக்க மாட்டான். சாதாரணமாக ரொட்டி, எண்ணெய், ஆலிவ், முட்டை. அன்றைக்குப் பெரிய தட்டு நிறைய கோதுமை ரவையில் செய்த கூஸ்கூஸ், மேலே ஆட்டுத்தொடை. காலை வேளையில்.

"கம்பம் உன் அத்தையோடது. ஆடு யாரோடது?" என்றான் ஃபெர்ஜானி.

"ஆடு என்னோடது" என்றான் ஹம்மாதி. "நீங்க என்ன தினமுமா வர்றீங்க? சாப்பிடுங்க அண்ணே."

"இவ்வளவு மரியாதை எனக்கு என் கல்யாணத்துல கூட கிடைக்கலையே."

"உன் கல்யாணத்துல ஆடு எங்க இருந்துச்சு? நீதான் இருந்தே" என்றான் லஸ்ஸாத். மன்னூபியா அடுக்களையிலிருந்து சிரித்தாள்.

ஹம்மாதி தட்டில் கறியைத் தள்ளிக்கொண்டே இருந்தான். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. எழுந்து கை கழுவும்போது வெயில் முதுகைச் சுட்டது. ஹம்மாதி, ஆட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். லஸ்ஸாத் சங்கிலியை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். நான் டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து, கம்பம் விழ வேண்டிய திசைக்கு நேராக, கம்பத்தின் நீளத்தைவிட இன்னும் பாதி தள்ளி நிறுத்தினேன். என்ஜினை ஓட விட்டிருந்தேன். நான் திரும்பிப் பார்த்தபோது சங்கிலி கம்பியில் தொங்கியது. முளையைச் சுற்றிக் காய்ந்த புல் குவிந்திருந்தது.

"ஏறு மச்சான்" என்றான் லஸ்ஸாத். அன்றைக்கு அந்த வசனத்தின் மிச்சத்தை அவன் சொல்லவில்லை. எனக்கு அது பிறகுதான் உறைத்தது.

ஃபெர்ஜானி ஏறினான். இடது கையால் கம்பத்தின் இரும்புக் கையைப் பிடித்தான். அந்த இரும்பிலிருந்து, கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஒரு தாங்குகம்பி இறங்கி மண்ணுக்குள் போகிறது. வலது கையில் நீளப் பிடி வெட்டுக்கத்தரி. அதன் ரப்பர் எப்போதோ தேய்ந்து போனது. கத்தரியை விரித்தான். கம்பிக்குப் பக்கத்தில் கொண்டு போனான்.

நின்றுவிட்டான்.

மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தேன். அவன் கம்பியைப் பார்க்கவில்லை. கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே இருக்கும் எங்களுக்கு வேலியைத் தவிர எதுவும் தெரியாது.

"நூரி, வண்டிய நிறுத்து."

நிறுத்தினேன். வெட்டுக்கிளிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கயாவது டீசல் எஞ்சின் ஓடுற சத்தம் கேக்குதா?"

"இல்லையே."

"லஸ்ஸாத், உனக்குக் கேக்குதா?"

லஸ்ஸாத் வேலிப் பக்கம் திரும்பினான்.

"மிளகாய் வயல்ல தண்ணி ஓடுது" என்றான் ஃபெர்ஜானி. குரல் ஏறவில்லை, யாரிடமோ நேரம் சொல்கிற மாதிரி சொன்னான். "பாத்தி பாத்தியா மினுங்குது. எஞ்சின் சத்தம் இல்ல. புது லைனும் அந்தப் பக்கம் போகல. தண்ணிய யார் தூக்கி ஊத்துறா?"

சொல்லிக்கொண்டே இரும்பிலிருந்து கையை எடுத்தான். கத்தரியை மடக்கி இடுப்பில் செருகினான். எதிலும் படாமல், படிப்படியாக, பால் குடத்தோடு இறங்குகிறவன் மாதிரி இறங்கி வந்தான். நேராக முளையிடம் போனான். பூட்ஸ் நுனியால் புல்லை ஒதுக்கினான்.

சங்கிலி முளையைத் தொடவில்லை. சங்கிலியின் நுனிக்கும் முளைக்கும் நடுவே ஒரு சாண் பச்சை நைலான் கயிறு.

ஃபெர்ஜானி டெஸ்டரை எடுத்துச் சங்கிலியில் வைத்தான். வெயிலில் தெரியவில்லை. தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றி அதன் மேல் நிழலாகப் பிடித்தான்.

"நூரி, வந்து பாரு."

போய்க் குனிந்து பார்த்தேன். தொப்பி நிழலில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

அவன் கம்பியைத் தொட்டிருந்தால், ஒரு கையில் கரண்ட், மறு கையில் மண். நடுவில் அவன் நெஞ்சு.

"மச்சான், இது என்ன கயிறு?" என்றான் ஃபெர்ஜானி.

"கிளாம்ப் கிடைக்கல மச்சான். அவசரத்துக்கு..."

"கிளாம்ப் உன் சட்டைப் பையில இருக்கு. துருத்திக்கிட்டு நிக்குது."

லஸ்ஸாத் பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கையைத் தொங்கப் போட்டான். அந்த நேரம் பார்த்து மன்னூபியா தேநீர்த் தட்டோடு வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் நின்றாள்.

"அந்த வயல்ல பாதி எனக்கு" என்றான் லஸ்ஸாத். "உனக்குச் சொல்லல. நானும் ஹம்மாதியும் சேர்ந்து போட்டோம். ரோட்டு லைன்ல ஒரு கொக்கி, இந்தக் கம்பி வழியா மோட்டாருக்கு. இந்தக் கம்பிய நீ அறுத்துட்டுப் போனப்புறம் சாயங்காலமா மரத்து மேலயே ஒட்டுப் போட்டுக்கலாம்னு இருந்தோம். காலையில கொக்கிய எடுத்துட்டோம் மச்சான், நீயே டெஸ்டர் வச்சுப் பாத்தே. நீ கீழ இறங்குற வரைக்கும் போடாதடான்னு அவன்கிட்ட சொன்னேன். என் பிள்ளைங்க மேல சத்தியமா சொன்னேன்."

"சொன்னே. சரி. அவன் போட மாட்டான்னு நம்பினியா?"

"நம்பினேன்."

"நம்பினவன் சங்கிலிய ஏன் கயித்துல கட்டினே?"

லஸ்ஸாத் அந்தப் பச்சைக் கயிற்றைப் பார்த்தான்.

எனக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கம்பி செத்தே கிடக்கும் என்றால் சங்கிலியை ஒழுங்காகக் கட்டுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஹம்மாதி போட்டாலும் போடுவான் என்று தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கயிறு தேவை.

"சங்கிலி சரியா இருந்தா, அவன் கொக்கியப் போட்டதும் ஃபியூஸ் போகும்" என்றான் ஃபெர்ஜானி. "ஊரே இருட்டாகும். ஆபீஸ்காரன் வருவான், கொக்கியப் பாப்பான். அதையெல்லாம் யோசிச்சிருக்கே. மிளகாய யோசிச்சிருக்கே. ஊர யோசிச்சிருக்கே. என்னையும் யோசிச்சிருப்பே இல்ல? யோசிக்காம இருந்திருக்க மாட்டே. அதுதான்டா எனக்குத் தாங்கல."

"அப்படி இல்ல மச்சான்..."

"அப்ப எப்படி? சொல்லு."

மன்னூபியா தட்டைக் கீழே வைத்தாள். "லஸ்ஸாத் உன்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேம்ப்பா" என்றாள்.

ஃபெர்ஜானி அவள் பக்கம் திரும்பினான். "உங்களுக்கும் தெரியுமா அக்கா?"

"ஊருக்கே தெரியும். அந்தத் திருட்டுப் பயலுக்கே தெரியும், அதனாலதானே அதை மட்டும் விட்டுட்டுப் போனான்." சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீ ஆபீஸ்காரங்களோட பழகினவன். உன்கிட்ட சொன்னா அங்க போயிடும்னு பசங்க பயந்தானுங்க. நான் என்ன பண்ண, அவன் என் அண்ணன் மகன்."

"நான் கான்டிராக்டர்கிட்ட குழி தோண்டினவன் அக்கா. ஆபீஸ் வாசப்படிய மிதிச்சதில்ல."

அவள் குனிந்து தட்டிலிருந்த தம்ளர்களை நகர்த்தி வைத்தாள்.

"போன வாரம் உங்க எல்லார் முன்னாடியும்தானே கேட்டேன். நாலாவதை ஏன் விட்டான்னு. கேட்டேனா இல்லையா?"

"கேட்டே."

"திருடன்கூட அந்தக் கம்பிகிட்ட கையக் கொண்டு போகல. உங்க வீட்டு உப்பைத் தின்னுட்டு நான் கொண்டு போனேன்."

பிறகு அவன் என்னைப் பார்த்தான். "உனக்கு?"

"எனக்குத் தெரியாது" என்றேன். அது உண்மை. ஆனால் உண்மை சொல்கிறவனும் அன்றைக்குப் பொய் சொல்கிறவன் மாதிரிதான் இருந்தான். ஃபெர்ஜானி ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தான்.

ஹம்மாதி வேலித் திறப்பு வழியாக வந்தான், காலெல்லாம் சேறு. "செடி தலை தொங்கிருச்சு அண்ணே. கொஞ்ச நேரம்தான் விட்டேன். நீங்க இன்னும் தோண்டிக்கிட்டுத்தான் இருப்பீங்கன்னு..."

"கொக்கிய எடுத்துக் கொண்டா. என் கைல கொடு."

நாணல் கழி நுனியில் கட்டின வளைந்த இரும்பு அது. கொண்டு வந்து கொடுத்தான். ஃபெர்ஜானி அதை டிராக்டர் இருக்கைக்கு அடியில் போட்டான். மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்தான். லஸ்ஸாத்தின் பையிலிருந்து தானே கிளாம்பை எடுத்தான். லஸ்ஸாத் அசையாமல் நின்று கொடுத்தான், போலீஸ்காரன் சோதனை போடும்போது நிற்கிற மாதிரி. நைலான் கயிற்றைக் கத்தியால் அறுத்து, சங்கிலியை முளையில் இறுக்கி, முளையடியில் அந்தத் தேநீரையே ஊற்றினான். அவள் கொண்டு வந்த தேநீர் முழுவதையும்.

"விட்டுட்டுப் போயிடலாம் வா" என்றேன்.

"கம்பம் ஆட்டுக்கொட்டகை மேல சாயுது. ஆடு என்ன தப்புப் பண்ணுச்சு?"

ஏறினான். ரோட்டுப் பக்கம் அறுத்தான், வயல் பக்கம் அறுத்தான். மூன்று கயிறும் முனகின, கம்பம் நின்றது. இறங்கி வந்து, விழ வேண்டிய பக்கம் மண்ணைத் தோண்டி, அடிமரத்தில் அந்தப் பக்கம் ஆப்பு வடிவில் வாய் வைத்து வெட்டினான். பிறகு பின்பக்கம் ரம்பம் போட்டான். தாங்குகம்பியைக் கடைசியாகத்தான் தளர்த்தினான். அது முதலில் போனால் கம்பம் சுழலும். கை காட்டினான், நான் மெதுவாக இழுத்தேன். இரண்டு ஆலிவ் வரிசைக்கு நடுவே, ஒரு கிளை ஒடியாமல் படுத்தது. மற்ற நாளாக இருந்தால் லஸ்ஸாத் கூவியிருப்பான்.

மன்னூபியா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அவன் ஏணியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தான், காதில் விழாத மாதிரி. லஸ்ஸாத் வழக்கம்போல டிரெய்லரில் ஏறக் காலை வைத்தான்.

"நீ நட" என்றான் ஃபெர்ஜானி.

மலையிறக்கம் முழுவதும் கண்ணாடியில் லஸ்ஸாத் தெரிந்தான். தூசிக்குள் நடந்து வந்து, சின்னதாகி, வளைவில் காணாமல் போனான்.

ஹம்மாதி ஆட்கள் கொஞ்ச நாள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம், ஆபீஸ் வண்டி வருகிறதா என்று. வரவில்லை. ஃபெர்ஜானி யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஹம்மாதி வேறு கொக்கி செய்து போட்டுவிட்டான் என்று கேள்வி. அந்த வருஷம் மிளகாய் நன்றாகவே விளைந்தது.

தலீலா அண்ணனைப் பார்க்க வந்தாள். நான் அங்கே ஏணிக்குப் படி மாற்றிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு ஜாடி மிளகாய் விழுது, மேலே எண்ணெய் மிதந்தது.

"அண்ணே, அவர் சரியாத் தூங்குறதே இல்ல."

"நான் தூங்குறேன்னு யார் சொன்னது?"

"அவருக்கும் கடன்காரன் தொல்லை, பொண்ணு கல்யாணம், என்ன பண்ணுவாரு? உனக்கு ஒண்ணும் ஆகணும்னு நினைப்பாரா?"

"நினைச்சிருந்தா பரவாயில்ல, தலீலா. விரோதின்னு வச்சுக்கிட்டிருப்பேன். ஆனா அவன், நடந்தா நடக்கட்டும், இல்லைன்னா போகட்டும், பாத்துக்கலாம்னு இருந்திருக்கான்."

அவள் அழுதாள். "பிள்ளைங்களுக்கு மாமா வேணும்."

"பிள்ளைங்க வரட்டும். நீயும் வா." ஜாடியைப் பார்த்தான். "எந்த வயல் மிளகாய்?"

அவள் ஜாடியை மதில் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதை உள்ளே எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை. மழை தொடங்கிய பிறகுதான் அவன் பெண்டாட்டி எடுத்து யாருக்கோ கொடுத்தாள்.

கம்பங்கள் நிற்கவில்லை, சாய்ந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆட்கள் வந்து கூப்பிடுகிறார்கள். அவனும் போகிறான். இப்போது போகிற இடத்தில் முதலில் சாப்பிடுவதில்லை. எவ்வளவு வற்புறுத்தினாலும், பையில் கொண்டு போன ரொட்டியையும் ஆலிவையும் கம்பம் தரையில் படுத்த பிறகு அதன் மேலேயே உட்கார்ந்து தின்கிறான். வீட்டுக்காரர்களுக்கு வருத்தம். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவன் சட்டை செய்வதில்லை.

சங்கிலி இப்போது என் வேலை. முளையை அடித்து, கிளாம்பை இறுக்கி, தண்ணீர் ஊற்றுகிறேன். அவன் வந்து முழங்கால் போட்டுக் குனிகிறான். சங்கிலியை இழுத்துப் பார்க்கிறான், கிளாம்பைத் திருகிப் பார்க்கிறான், மண்ணைத் தொட்டு ஈரம் பார்க்கிறான். ஏணியில் பாதி ஏறிவிட்டு மறுபடி இறங்கி வந்து பார்க்கிற நாளும் உண்டு.

முதல் தடவை எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றாக ஆடு மேய்த்தவன், ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன்.

"என்ன ஃபெர்ஜானி, நான் என்ன லஸ்ஸாத்தா?"

அவன் கிளாம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல. அன்னைக்கு வரைக்கும் அவனும் லஸ்ஸாத் இல்ல."

அதற்கப்புறம் நான் கேட்பதில்லை. கட்டி முடித்ததும் முளையைச் சுற்றிக் கிடக்கும் புல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு, அவன் வந்து பார்க்க வசதியாகத் தள்ளி நின்றுகொள்கிறேன்.